விசிறி எப்போது வேகமெடுக்க வேண்டும்?

(குறுவள மைய ஆசிரியர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கணினி ஆய்வகப் பராமரிப்பைப் பற்றிப் பேசுங்கள் என்று கேட்டிருந்தார்கள். அது நம் பழவேற்காடு ஏரி மாதிரி பெரிய விஷயம். நான் அதில் ஒரு குடம் மட்டும் மொண்டு வந்திருக்கிறேன். கணினிப் பெட்டிக்குள் ஒரு சின்ன விசிறி சுற்றுகிறதே, அது சூட்டைப் பார்த்துத் தானாக வேகத்தைக் கூட்டிக் குறைத்துக்கொள்ளும்படி அமைப்பது எப்படி என்பதுதான் இன்றைய பேச்சு. தொடக்கப் பள்ளியிலிருந்து வந்திருப்பவர்கள் இது யாரோ கணினி ஆசிரியருக்கான சங்கதி என்று நினைக்க வேண்டாம். இதில் பாதி அறிவியல், கொஞ்சம் கணக்கு, மீதி தூசி துடைப்பது.

எதற்காக இதை எடுத்துக்கொண்டேன் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கள் பள்ளிக்கு லைட் ஹவுஸ் குப்பம், கூனங்குப்பம், கோரைக்குப்பம் மாதிரி மீனவக் கிராமங்களிலிருந்து பிள்ளைகள் வருகிறார்கள். வீட்டில் அப்பாவிடமோ அண்ணனிடமோ செல்போன் இருக்கும். விசைப்பலகை உள்ள கணினியைத் தொட வேண்டுமென்றால் பெரும்பாலோருக்குப் பள்ளி ஆய்வகம் ஒன்றுதான் வழி. ஜூன் மாதம் ஒரு நாள் பிற்பகல், ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி இணையவழி வினாடி வினாவில் பாதி தாண்டியிருந்தாள். திரை கறுத்துவிட்டது. கணினி அணைந்துபோயிற்று. அவள் சட்டென்று எழுந்து கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, "சார், நான் ஒண்ணுமே பண்ணல சார்" என்றாள். கண்ணில் தண்ணீர். மறுவாரம் அவள் வரிசையில் கடைசிக்குப் போய்விட்டாள். பக்கத்துப் பிள்ளையைத் தட்டச்சு செய்யச் சொல்லிவிட்டு இவள் எட்ட நின்று விடை சொன்னாள்.

அந்தக் கணினி அணைந்ததற்கு அவளும் காரணமில்லை, வைரஸும் காரணமில்லை. சூடுதான் காரணம். கணினியின் செயலி தன் சூட்டைத் தானே அளந்துகொள்ளும். அளவு மீறினால் முதலில் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். நாம் அதை "சிஸ்டம் ஸ்லோ" என்போம். அப்போதும் சூடு அடங்காவிட்டால் உயிர் பிழைக்கத் தன்னைத்தானே அணைத்துக்கொள்ளும். பல செயலிகளுக்கு இந்த உச்ச வரம்பு 100 டிகிரி செல்சியஸை ஒட்டி இருக்கிறது.

இங்கே ஒரு சின்னக் கணக்கு. விசிறி எவ்வளவு வேகமாகச் சுற்றினாலும் செயலியை அறையின் வெப்பநிலைக்குக் கீழே கொண்டுபோக முடியாது. அறைக்கு மேல் எவ்வளவு ஏறுகிறது என்பதை மட்டும்தான் விசிறி குறைக்கும். ஒரு செயலி முழு வேலை செய்யும்போது அறையைவிட 40 டிகிரி ஏறுகிறது என்று வைத்துக்கொள்வோம். குளிரூட்டிய 25 டிகிரி அறையில் அது 65. நம் ஆய்வகம் ஜூன் மாதம் 37 டிகிரி என்றால் அது 77. இதுவரைக்கும் பயமில்லை. ஆனால் உள்ளே தூசி அடைத்து, ஏற்றம் 40க்குப் பதில் 55 ஆகிவிட்டால்? குளிரூட்டிய அறையில் 80, சமாளித்துவிடும். நம் அறையில் 92. இன்னும் நான்கு டிகிரி, ஐந்து டிகிரி என்று விளிம்பில் நிற்கிறது. நகரத்தில் சும்மா ஓடும் அதே கணினி நம்மிடம் வந்து மூச்சு வாங்குவது இதனால்தான்.

அறை ஏன் 37 டிகிரிக்குப் போகிறது என்பதையும் பார்க்க வேண்டும். 20 கணினிகள், திரையோடு சேர்த்து ஒன்றுக்கு 100 வாட் என்று வைத்தால் 2,000 வாட். இரண்டு இஸ்திரிப் பெட்டிகளை எப்போதும் சூடாக அறைக்குள் வைத்திருப்பதற்குச் சமம். மனித உடலும் சும்மா உட்கார்ந்திருக்கும்போதே வெப்பம் விடுகிறது, பெரியவருக்குச் சுமார் 100 வாட். பிள்ளைகளுக்குக் கொஞ்சம் குறைவு. ஒரு கணினிக்கு இருவர் என்று 40 பேரை உட்கார வைத்தால், கணினிகள் விடும் சூட்டைவிடப் பிள்ளைகள் விடும் சூடு அதிகமாகிவிடும்! மின்சாரம் போய் யுபிஎஸ்ஸில் ஓடும்போது கூரை விசிறிகளும் நின்றுவிட்டால் கேட்கவே வேண்டாம்.

சரி, விசிறிக்கு வருவோம். சூடு ஏறினால் வேகமாகவும் இறங்கினால் மெதுவாகவும் அது சுற்ற வேண்டும். யாரும் பொத்தானைத் தட்டாமல் இது நடக்க மூன்று பேர் வேண்டும். சூட்டைப் பார்க்கும் ஒருவர், அது வெப்ப உணரி, செயலிக்குள்ளேயே இருக்கிறது. என்ன செய்வது என்று முடிவெடுக்கும் ஒருவர், அது மதர்போர்டில் இருக்கும் கட்டுப்பாட்டுச் சில்லு. வேலையைச் செய்யும் ஒருவர், அது விசிறி. விசிறி சுற்றியதும் சூடு மாறுகிறது, மாறிய சூட்டை உணரி மறுபடி பார்க்கிறது, மறுபடி முடிவு. இது ஒரு வட்டம். ஆங்கிலத்தில் ஃபீட்பேக் என்கிறார்கள், நம் பாடநூல் தமிழில் பின்னூட்டம்.

இதற்கு நம் ஊரோடு ஒட்டிய ஒரு வரலாறு உண்டு. பழவேற்காட்டில் டச்சுக்காரர்கள் 1610இல் வணிகக் கூடம் அமைத்தார்கள், 1613இல் ஜெல்டிரியா கோட்டை எழுந்தது. இன்று இடிபாடும், பக்கத்தில் மண்டையோடு செதுக்கிய கல்லறைத் தோட்டமும் மிஞ்சியிருக்கின்றன. நம்மில் பலர் பிள்ளைகளைக் களப்பயணம் அழைத்துப் போயிருப்போம். அதே காலத்தில், அதே நாட்டில் அல்க்மார் என்ற ஊரில் பிறந்து லண்டனில் வாழ்ந்தவர் கொர்னேலிஸ் டிரெபெல். 1620இல் தேம்ஸ் ஆற்றில் நீர்மூழ்கிப் படகு ஓட்டிக் காட்டியவர் என்று சொன்னால் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள். அவர்தான் கோழி முட்டை பொரிக்க ஒரு அடுப்புப் பெட்டி செய்தார். பெட்டிக்குள் ஒரு கண்ணாடிக் குடுவையில் சாராயம், அதை ஒட்டிய குழாயில் பாதரசம். சூடு ஏறினால் சாராயம் விரிந்து பாதரசத்தைத் தள்ளும், பாதரசம் ஒரு கோலை உயர்த்தும், கோல் அடுப்பின் காற்று வழியை மூடும். தீ தணியும். சூடு இறங்கினால் எல்லாம் தலைகீழாக நடந்து வழி திறக்கும். தன் வெப்பநிலையைத் தானே பார்த்துத் திருத்திக்கொண்ட முதல் கருவிகளில் ஒன்று அது. மின்சாரம் இல்லை, சில்லு இல்லை. பார்ப்பவர், முடிவெடுப்பவர், செய்பவர் என்ற மூவரும் அங்கேயும் இருந்தார்கள். கணினி விசிறி நமக்கு அந்த அடுப்பின் கொள்ளுப்பேரப் பிள்ளை.

இப்போது ஒரு கேள்வி வரும். எப்படியும் நம் ஊர் சூடு, இந்த வம்பெல்லாம் எதற்கு, விசிறியை எப்போதும் முழு வேகத்தில் ஓடவிட்டால் என்ன? என்னிடம் இதைக் கேட்காத ஆசிரியர் குறைவு. மற்ற ஊரில் இதற்குச் சத்தம், மின்சாரம் என்று பதில் சொல்வார்கள். அதுவும் உண்மைதான். விசிறியின் வேகம் இருமடங்கானால் காற்று இருமடங்காகும், ஆனால் விசிறி எடுக்கும் மின்சாரம் எட்டு மடங்காகும். கணக்கு ஆசிரியர்கள் வகுப்பில் சொல்லத் தோதான மும்மடிக் கணக்கு. ஆனால் ஏரிக்கரைக்கு வேறொரு பதில் இருக்கிறது.

உப்பு. இங்கே விசிறி இழுப்பது வெறும் காற்றில்லை. கடலிலிருந்து பிற்பகலில் வீசும் காற்று நமக்குச் சுகம், அதில் கண்ணுக்குத் தெரியாத உப்புத் துகளும் வருகிறது. சன்னல் கம்பி ஏன் உரிகிறது, கதவுக் கீல் ஏன் இறுகுகிறது என்று நமக்குத் தெரியும். விசிறி எவ்வளவு காற்றை இழுக்கிறதோ அவ்வளவு உப்பையும் இழுத்துப் பலகையின் மேல் படியவிடும். காய்ந்த உப்பு பெரிதாக ஒன்றும் செய்யாது. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் அது நீரை உறிஞ்சிக் கரையத் தொடங்கும். மழை நாளில் அடுக்களையில் உப்பு ஜாடி நீர்த்துப்போவது இதே கதைதான். இரவில் ஆய்வகம் பூட்டியிருக்கும்போது, கணினி குளிர்ந்து கிடக்கும்போது, உள்ளே படிந்த உப்பு ஈரமாகிச் செம்புக் கோடுகளையும் பற்றவைத்த இடங்களையும் அரிக்கிறது. காலையில் நாம் பொத்தானை அழுத்துகிறோம். ஈர உப்பு மின்சாரத்தைக் கடத்தும் என்பது எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரியும்.

அதனால் நம்மிடம் விசிறி தேவைக்குச் சுற்ற வேண்டும், தேவைக்கு மேல் சுற்றக் கூடாது. தானியங்கிக் கட்டுப்பாடு மற்றவர்களுக்குச் சத்தம் குறைக்கும் வசதி. நமக்கு அது கணினியின் ஆயுள். படகு எஞ்சின் பார்க்கும் ஒரு பெற்றோரிடம் இதைச் சொன்னபோது அவர் ஆச்சரியப்படவே இல்லை. "கடல்ல போய் வந்த எஞ்சினை நல்ல தண்ணி ஊத்திக் கழுவாம யாரும் வெக்க மாட்டாங்க சார். உங்க பெட்டிய எப்ப கழுவுறீங்க?" என்று கேட்டார். கழுவ முடியாது, ஆனால் கேள்வி சரி.

ஆகவே அமைப்பைத் தொடுவதற்கு முன் துடைப்பு. இந்த வரிசை முக்கியம். தூசி அடைத்த கணினியில் விசிறி வேகத்தைக் கூட்டுவது, மூக்கு அடைத்தவனை ஓடச் சொல்வது போல. மின் இணைப்பைச் சுவரிலிருந்து கழற்றிவிட்டு, பக்க மூடியைத் திறந்து, உலர்ந்த மெல்லிய தூரிகையாலும் காற்றூதியாலும் தூசி எடுக்க வேண்டும். ஊதும்போது விசிறி இதழை ஒரு விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் அது தறிகெட்டுச் சுற்றித் தாங்குருளை கெடும். வாயால் ஊதவே கூடாது, எச்சில் ஈரம். ஈரத்துணி அறவே வேண்டாம். செயலியின் மேல் அலுமினியத் தகடுகள் அடுக்கிய ஹீட் சிங்க் இருக்கிறதே, விசிறிக்கும் அதற்கும் நடுவில் கம்பளி மாதிரி ஒரு தூசிப் படலம் இருக்கும். மேலிருந்து பார்த்தால் தெரியாது, டார்ச் அடித்துப் பாருங்கள். பழைய கணினியில் செயலிக்கும் ஹீட் சிங்குக்கும் இடையே தடவிய தெர்மல் பேஸ்ட் காய்ந்து போயிருக்கலாம். அதை மாற்றுவது பழகிய கை செய்ய வேண்டிய வேலை.

ஒரு எச்சரிக்கை. துறை வழங்கிய கணினி உத்தரவாதத்திலோ பராமரிப்பு ஒப்பந்தத்திலோ இருந்தால், மூடியைத் திறக்கும் முன் தலைமையாசிரியரிடம் சொல்லி, பராமரிப்பவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். வெளிப்புறக் காற்று வழிகளைத் துடைக்க யார் அனுமதியும் தேவையில்லை. சில ஆய்வகங்களில் மாணவர் மேசையில் விசிறியே இல்லாத சிறு பெட்டிதான் இருக்கும், மூலையில் உள்ள சர்வர்தான் எல்லோருக்கும் உழைக்கும். அப்படியானால் நீங்கள் கவனிக்க வேண்டியது அந்த ஒரு பெட்டியை. அதன் முதுகு சுவரோடு ஒட்டி இருக்கிறதா என்று நாளைக்கே போய்ப் பாருங்கள். ஒரு சாண் இடைவெளி கொடுத்தாலே ஐந்தாறு டிகிரி குறைவதை நான் பார்த்திருக்கிறேன். அட்டைப்பெட்டி, பழைய விடைத்தாள் கட்டு, விளையாட்டு விழாக் கொடி எல்லாம் சர்வருக்குப் பின்னால்தான் இடம்பிடித்திருக்கும்!

துடைத்தாயிற்று. இனி அமைப்பு. இதற்கு மூடியைத் திறக்கத் தேவையில்லை. கணினியை இயக்கியதும் டெல் அல்லது எஃப்2 விசையை, சில நிறுவனக் கணினிகளில் எஃப்10 விசையை, விட்டுவிட்டுத் தட்டினால் பயாஸ் திரை வரும். அதில் ஹார்டுவேர் மானிட்டர் என்றோ, ஸ்மார்ட் ஃபேன் என்றோ, கியூ ஃபேன் என்றோ ஒரு பகுதி இருக்கும். தயாரிப்பாளருக்கு ஏற்பப் பெயர் மாறும். முதலில் எதையும் மாற்றாமல் இரண்டு எண்களைப் பாருங்கள்: செயலியின் வெப்பநிலை, விசிறி நிமிடத்துக்கு எத்தனை சுற்று. திரையில் சுற்று 0 என்று இருந்து விசிறி கண்ணுக்குச் சுற்றினால், சேதி சொல்லும் கம்பியில் கோளாறு. சுற்றவே இல்லையென்றால் உடனே அணைத்துவிடுங்கள், அமைப்பால் அதைச் சரிசெய்ய முடியாது.

கம்பி என்றேன். விசிறியின் இணைப்பில் 3 கம்பி இருக்கும், அல்லது 4. இரண்டு மின்சாரத்துக்கு. மூன்றாவது விசிறி பேசும் கம்பி, இத்தனை வேகத்தில் சுற்றுகிறேன் என்று பலகைக்குச் சொல்கிறது. நான்காவது விசிறி கேட்கும் கம்பி, இவ்வளவு வேகத்தில் சுற்று என்ற ஆணை அதில் வருகிறது. அந்த ஆணை நொடிக்குச் சுமார் 25,000 முறை அணைந்து எரியும் துடிப்பாகப் போகிறது. எரியும் நேரம் அதிகமானால் வேகம் அதிகம். இதைப் பிடபிள்யூஎம் என்பார்கள். 4 கம்பி விசிறிக்குப் பயாஸில் பிடபிள்யூஎம் முறையையும், 3 கம்பி விசிறிக்கு டிசி முறையையும் தேர்ந்தெடுக்க வேண்டும். 3 கம்பி விசிறியைப் பிடபிள்யூஎம் முறையில் விட்டால் ஆணையைக் கேட்கக் காதில்லாமல் எப்போதும் முழு வேகத்தில் சுற்றிக்கொண்டே இருக்கும். புதிதாக விசிறி மாற்றிய பிறகு இரைச்சல் போடுகிறது என்று யாராவது சொன்னால் முதலில் இதைப் பாருங்கள்.

அடுத்தது கோடு. பல மதர்போர்டுகளில் ஒரு வரைபடம் காட்டுவார்கள். கிடை அச்சில் வெப்பநிலை, செங்குத்து அச்சில் விசிறி வேகம் சதவீதத்தில். மூன்று நான்கு புள்ளிகளை நகர்த்தலாம். தொழிற்சாலையிலிருந்து வரும் கோடு எல்லா ஊருக்கும் பொதுவாக வரைந்தது. எங்கள் அறைக்கு நாங்கள் வைத்தது இது: 45 டிகிரி வரை 30 சதவீதம், 60 டிகிரியில் 50, 70 டிகிரியில் 75, 80 டிகிரியில் 100. எங்களிடம் கணினி சும்மா இருக்கும்போதே 45ஐத் தொட்டு நிற்கும். முதல் புள்ளியை 35இல் வைத்தால் விசிறி காலை முதல் மாலை வரை தேவையில்லாமல் உப்பு இழுக்கும். 60இல் வைத்தால் வேலை வந்ததும் திணறும். உங்கள் அறையில் ஒரு வாரம் எண்களைக் குறித்துவிட்டு உங்கள் கோட்டை வரையுங்கள். எங்கள் எண்களை அப்படியே நகல் எடுக்க வேண்டாம். கடைசிப் புள்ளி ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். 80ஐத் தாண்டினால் முழு வேகம், அங்கே உப்பைப் பார்க்க நேரமில்லை.

நிறுவனங்கள் முழுதாகப் பூட்டித் தரும் கணினிகளில் இந்த வரைபடம் பெரும்பாலும் இருக்காது. குறைந்தபட்ச வேகத்தை உயர்த்தும் ஒரு எண்ணோ, அமைதி வேண்டுமா குளிர்ச்சி வேண்டுமா என்ற ஒரு தெரிவோ மட்டும் இருக்கும். நம் ஆய்வகங்களில் அதுதான் அதிகம். அங்கே குளிர்ச்சி என்பதைத் தேர்ந்தெடுத்துவிட்டு வெளியே வாருங்கள், அதற்கு மேல் பயாஸில் நமக்கு வேலையில்லை.

இன்னொரு சின்ன விஷயம், இதில்தான் விசிறிகள் சீக்கிரம் தேய்கின்றன. வெப்பநிலை 59, 60, 61 என்று ஊசலாடும்போது விசிறியும் வூம், அமைதி, வூம் என்று அலைபாயும். பள்ளி மேல்நிலைத் தொட்டிக்கு மோட்டார் தானியங்கி வைத்திருக்கிறோமே, நினைத்துப் பாருங்கள். தொட்டி நிறைந்ததும் மோட்டார் நிற்கிறது. யாரோ ஒரு பிள்ளை கை கழுவியதும் உடனே மறுபடி ஓடுவதில்லை. தண்ணீர் ஒரு குறிப்பிட்ட அளவு இறங்கும்வரை காத்திருக்கிறது. விசிறிக்கும் அந்தப் பொறுமை வேண்டும். பயாஸில் ஹிஸ்டெரிசிஸ் என்றோ, டெம்பரேச்சர் இன்டர்வல் என்றோ, ஸ்டெப் டவுன் டைம் என்றோ இருப்பது அதுதான். 3 டிகிரி வைத்தால் 60இல் ஏறிய வேகம் 57க்கு வந்த பிறகே இறங்கும். ஏறுவதற்குத் தாமதம் வேண்டாம், இறங்குவதற்கு வைக்கலாம்.

சேமித்து வெளியே வந்ததும் வேலை முடிந்தது என்று எழுந்துவிடாதீர்கள். ஒரு காணொளியை ஓடவிட்டு, இரண்டு மூன்று நிரல்களைத் திறந்துவைத்து, இருபது நிமிடம் பாருங்கள். அதுவும் காலை எட்டு மணிக்கு வேண்டாம். மதியம் இரண்டு மணிக்கு, பிள்ளைகள் நிறைந்த அறையில்.

லினக்ஸ் பயன்படுத்துவோருக்கு இன்னொரு வழி உண்டு. தமிழ்நாடு அரசு 2011 முதல் மாணவர்களுக்கு வழங்கிய மடிக்கணினிகளால் பாஸ் லினக்ஸ் என்ற பெயர் நம் வீடுகளுக்கு அறிமுகமானது. சி-டாக் நிறுவனம் டெபியனை அடிப்படையாகக் கொண்டு உருவாக்கிய இயங்குதளம் அது. டெபியன் வகையில் எல்எம்-சென்சார்ஸ் என்ற தொகுப்பை நிறுவினால், சென்சார்ஸ் என்ற ஒரே கட்டளை எல்லா வெப்பநிலையையும் வேகத்தையும் வரிசையாகக் காட்டும். பார்ப்பதற்கு மட்டுமானாலும் இது போதும். கட்டுப்படுத்தவும் விரும்பினால் பிடபிள்யூஎம்-கான்ஃபிக் என்ற நிரல் ஒவ்வொரு விசிறியாக நிறுத்திப் பார்த்து எது எந்தக் கம்பியில் என்று கண்டுபிடித்து எழுதிவைக்கும். பிறகு ஃபேன்-கன்ட்ரோல் அதைப் படித்து வழக்கமாகப் பத்து நொடிக்கு ஒருமுறை முடிவெடுக்கும். விசிறியை நிறுத்திச் சோதிக்கும் நிரல் என்பதால் இதை உங்கள் சொந்தக் கணினியில் மட்டும், பக்கத்திலேயே உட்கார்ந்து செய்யுங்கள். பல மடிக்கணினிகள் இதற்கு வழிவிடாது, மேசைக்கணினியில்தான் ஒழுங்காக வேலை செய்யும்.

நான் இதைக் குறிப்பிட முக்கியக் காரணம், அதில் ஒளிந்திருக்கும் கணக்கு. அங்கே விசிறியின் வேக ஆணை 0 முதல் 255 வரை ஓர் எண். கீழ் வெப்பநிலை 40, மேல் வெப்பநிலை 70, விசிறி நின்றுவிடாமல் சுற்றத் தேவையான எண் 80, உச்சம் 255 என்று வைத்தால், இடையில் 55 டிகிரிக்கு என்ன எண்? 40இலிருந்து 70க்கு உள்ள 30 டிகிரியில் 15 தாண்டியிருக்கிறோம், சரிபாதி. 80க்கும் 255க்கும் இடையே 175, அதில் பாதி 87.5. 80உடன் கூட்டினால் 167.5. ஒன்பதாம் வகுப்பில் ஆயத்தொலை வடிவியல் நடத்தும்போது "இந்த நேர்கோடு எதற்கு சார்?" என்று ஒரு பிள்ளை கேட்பானே, அவனை ஆய்வகத்துக்கு அழைத்துப் போய்ச் செயலியின் கோட்டைக் காட்டுங்கள். சாய்வு கூடினால் விசிறிக்கு அவசரம் கூடுகிறது என்று அவனே சொல்வான். இன்னொன்றும் காட்டலாம். நின்ற விசிறியைக் கிளப்ப ஓர் எண், சுற்றும் விசிறியை நிற்காமல் வைத்திருக்க அதைவிடச் சிறிய ஓர் எண். நிலை உராய்வு, இயக்க உராய்வு. கரையில் கிடக்கும் படகைத் தள்ளத் தொடங்கும்போதுதான் அதிக ஆள் வேண்டும் என்பதை நம் பிள்ளைகளுக்கு நாம் கற்றுத்தரத் தேவையில்லை, அவர்கள் நமக்குச் சொல்வார்கள்.

தொடக்கப் பள்ளி நண்பர்களே, உங்களுக்குக் கணினியே வேண்டாம். இருசக்கர வண்டியின் எஞ்சினைச் சுற்றித் தகடு தகடாக ஏன் இருக்கிறது என்று கேளுங்கள். ஓர் அகலத் தட்டில் ஆற்றிய கஞ்சியும் சொம்பில் வைத்த கஞ்சியும் எது முதலில் ஆறும் என்று கேளுங்கள். பரப்பு கூடினால் சூடு சீக்கிரம் வெளியேறும் என்பது கைக்கு வந்துவிடும். இஸ்திரிப் பெட்டியில் விளக்கு ஏன் தானாக அணைந்து எரிகிறது என்று வீட்டில் பார்த்து வரச் சொல்லுங்கள். எதையும் தொடாமல் பார்த்து வர வேண்டும், அம்மா பக்கத்தில் இருக்கும்போது.

எங்கள் ஆய்வகத்தில் இப்போது ஒரு நோட்டு தொங்குகிறது. ஒவ்வொரு வாரமும் இரண்டு பிள்ளைகள் முறை வைத்து எழுதுகிறார்கள். இந்த ஏரியில் வலை போடப் பாடு முறை இருப்பதால் முறை வைப்பது அவர்களுக்கு ரத்தத்தில் ஊறியது, யாரும் யார் முறையிலும் கைவைப்பதில்லை. நோட்டில் நான்கு கட்டங்கள்: தேதி, அறையின் வெப்பநிலை, செயலியின் வெப்பநிலை, விசிறியின் சுற்று. அறைக்கும் செயலிக்கும் உள்ள வித்தியாசத்தை ஓரத்தில் கழித்து எழுத வேண்டும். அந்த வித்தியாசம் மாதத்துக்கு மாதம் ஏறினால் துடைக்கும் நாள் வந்துவிட்டது என்று அர்த்தம். அறை எவ்வளவு சூடானாலும் அந்த வித்தியாசம் மாறாமல் இருந்தால் கணினி நலம், சன்னலைத் திற. முதலில் சொன்ன அந்தப் பெண்ணிடம்தான் நோட்டை முதலில் கொடுத்தேன். நான்கு வாரம் எண்களைக் கழித்துப் பார்த்தவள், வரிசையில் எந்தக் கணினி அடுத்து அணையும் என்று என்னிடம் சொன்னாள். துடைத்தோம். ஒரு பிடி தூசி வந்தது.

பூட்டி வைத்த ஆய்வகம் பத்திரமாக இருக்கும் என்று ஓர் எண்ணம் நம்மிடையே இருக்கிறது. தணிக்கைக்கு ஆள் வந்தால் எண்ணிக்கை சரியாக இருக்க வேண்டுமே என்ற கவலை எனக்கும் புரிகிறது. ஆனால் கடலோரத்தில் இது கணக்கிலேயே தப்பு. ஓடாத கணினி சூடாவதில்லை, ஆகவே உள்ளே ஈரம் காய்வதில்லை. மழைக்காலத்தில் ஒரு மாதம் பூட்டிக் கிடந்த கணினியைவிட, வாரம் நான்கு நாள் ஓடி, ஆறியபின் துணியால் மூடப்பட்ட கணினி அதிக நாள் உழைக்கும். ஆறியபின் என்பதைக் கவனியுங்கள். அணைத்த கையோடு உறை போட்டால் சூடு உள்ளேயே நின்றுவிடும். பிளாஸ்டிக் உறையைவிடப் பருத்தித் துணி நல்லது. பழைய வேட்டி, சேலை போதும்.

டிசம்பர் அரையாண்டுத் தேர்வுக்கு முன் ஒரு துடைப்பு, மே மாதம் விடுமுறைக்குப் போகும் முன் ஒரு துடைப்பு, ஜூனில் பள்ளி திறந்ததும் பயாஸ் எண்களை ஒரு பார்வை. பலகையில் உள்ள சிறு மின்கலம் தீர்ந்துபோயிருந்தால் பயாஸ் பழைய நிலைக்குத் திரும்பியிருக்கலாம். கணினியில் தேதி தப்பாகக் காட்டினால் அந்த மின்கலத்தைச் சந்தேகப்படுங்கள், விசிறிக் கோடும் அதோடு போயிருக்கும். மாற்றிய எண்களைக் கைபேசியில் படம் எடுத்து, ஒரு தாளில் எழுதி, இருப்புப் பதிவேட்டுக்குள் வைத்துவிடுங்கள். நமக்குப் பிறகு மாறுதலில் வருபவருக்கு அது வேண்டும்.

தேநீர் வந்துவிட்டது என்று கை காட்டுகிறார்கள். முன் மேசையில் ஒரு கணினியைப் பயாஸ் திரையில் நிறுத்தி வைத்திருக்கிறேன். பக்கத்தில் மூடி கழற்றிய பழைய பெட்டி ஒன்று, துடைக்காமல் அப்படியே கொண்டுவந்தது. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு இரண்டிரண்டு பேராக வாருங்கள்.